வேன் வரும் நேரத்து வயிற்றுவலி

சரியாக ஏழு ஐம்பதுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

"அம்மா... முடியலம்மா."

தங்கமணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். பத்தாவது படிக்கும் மகள் பிரகதீஸ்வரி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியபடி, சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

நடிப்பில் இப்படி வேர்க்குமா? தங்கமணிக்கே தெரியவில்லை.

கொரோனா மூன்றாவது அலைக்கு மூடிய பள்ளிக்கூடத்தைத் திறந்து பதினேழு நாள். அதில் பதினொரு நாள் வயிற்றுவலி. எட்டே காலுக்கு வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகும். எட்டரைக்கெல்லாம் வலி போன இடம் தெரியாது. காலண்டரில் தங்கமணி பென்சிலால் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமையில் விழவில்லை.

வாசலில் நின்ற கணவர் சிங்காரவேலு கத்தினார். "வந்துடுச்சா? டூட்டிக்கு வர்ற மாதிரி கரெக்டா வந்துடும். வயல்ல அறுப்பு மெஷின் வந்து நிக்குது. நான் அதைப் பார்ப்பனா, இவ கூத்தைப் பார்ப்பனா?"

பக்கத்து வீட்டு மாலதி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஒன்பதாவதைப் பரிட்சை எழுதாமலே பாஸ் போட்டுட்டாங்கல்ல? இப்போ பப்ளிக் பரிட்சைன்னதும் வயித்தைக் கலக்குது. முதுகுல ரெண்டு வைங்கக்கா, தானா சரியாயிடும்."

தங்கமணிக்குக் கை பரபரத்ததும் உண்மைதான். அதற்குள் போன் அடித்தது. வகுப்பு டீச்சர்.

"இன்னைக்கும் வரலையா? இந்த வாரம்தான் பார்ப்பேன். அப்புறம் ஹால் டிக்கெட் வரலைன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

தங்கமணி போனை வைத்தாள். இந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டப் போகிற முதல் பெண் இவள்தான்.

பாபநாசத்து டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி, தஞ்சாவூர் மனநல டாக்டர் ஒருவர் பெயரைச் சீட்டில் எழுதித் தந்திருந்தார். நாலு நாளாக அந்தச் சீட்டு அரிசி டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது. தங்கமணி அதை எடுத்தாள்.

"ஊர்ல யாராவது கேட்டா?" என்றார் சிங்காரவேலு.

"பல் டாக்டர்னு சொல்லுங்க."

பஸ்ஸில் ஏறும்போது பிரகதீஸ்வரி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா ஏறும்மா. மூச்சு வாங்குதா?"

"எனக்கென்னடி? நோயாளி நீ. வாயை மூடிக்கிட்டு வா."

தஞ்சாவூரில் டாக்டர் வித்யாலக்ஷ்மி, தங்கமணி சொன்ன கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"வலி எப்போம்மா நிக்கும்?"

"வேன் போனதும் நின்னுடும் டாக்டர்," தங்கமணி முந்திக்கொண்டாள்.

"பாப்பா சொல்லட்டும்."

பிரகதீஸ்வரி மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேன் போனப்புறம், கொல்லையில அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். அப்போ நிக்கும்."

"ஸ்கூல்ல இருக்கும்போது?"

"அங்க அந்தச் சத்தம் கேட்காதே."

தங்கமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"கொரோனாவுல உங்க வீட்டுல யாருக்காவது ரொம்ப முடியாமப் போச்சா?"

"எனக்குத்தான் டாக்டர்!" தங்கமணி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள். பிழைத்து வந்த பிறகு, ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. கை தானாக ஆட ஆரம்பித்தது.

"போன ஆனி மாசம். வெறும் காய்ச்சல்னு நெனச்சு கொல்லைக்குப் போறேன், கண்ணை இருட்டிக்கிட்டு வருது. கிணத்தடியிலேயே விழுந்துட்டேன். மூச்சு இழுக்க முடியல. 'பிரகதி'ன்னு கூப்பிடறேன். பதில் இல்ல. மறுபடி கூப்பிடறேன். மூணாவது தடவை கத்தியே கூப்பிட்டேன். எங்க? மகாராணி உள்ள ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஆன்லைன் கிளாஸ்ல இருக்கா! நல்லவேளை, கறிவேப்பிலை பறிக்க மாலதி வந்தா, பொழச்சேன். ஒன்பது நாள் ஆக்சிஜன் டாக்டர்! எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அங்க இவ ஏ ஸ்கொயர் பி ஸ்கொயர்னு பாடம் படிக்கிறா, இங்க பெத்தவளுக்கு உசிரு போய்க்கிட்டிருக்குன்னு!"

கதவருகே நின்ற நர்ஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பிரகதீஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடைசி வரியைச் சொன்னபோது, மகளின் மாஸ்க்கும் அதே சொற்களுக்கேற்பச் சத்தமில்லாமல் அசைந்தது.

"இதை இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்கம்மா?"

"அதையெல்லாம் யாரு டாக்டர் எண்ணினா?" என்று சிரித்தாள் தங்கமணி.

"அறுபத்திரண்டு," என்றாள் பிரகதீஸ்வரி, தலையை நிமிர்த்தாமல். "இப்போ சொன்னதோட அறுபத்து மூணு."