ரெண்டு மூச்சு

“ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. மதிலுக்கு வெளியில புதைச்சுக்கோ.”

ஃபாதர் தலை நிமிராமலே சொன்னார்.

மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தான். விரல் இடுக்கில் ஒட்டிய கிரீஸ்கூடப் போகவில்லை. காலையில் பிரசவ அறைக்கு வெளியே, “காப்பாத்த முடியலை” என்று ஒரு வார்த்தை சொல்லி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. இப்போது வாசலில், வண்டிக்குள், மச்சான் மடியில் இருக்கிறது.

“மூத்தவன் உள்ளதான் இருக்கான் ஃபாதர். அவன் பக்கத்துல வைக்கச் சொல்லி என் பொஞ்சாதி கட்டில்ல கிடந்து அழுறா. தனியாக் கிடந்தா பாப்பா பயந்துக்குமாம்.”

“மூத்தவன் செத்த அன்னைக்கே கோயிலை விட்டுட்டே. கேட்லயே நின்னுக்கிட்டு, கடவுளைக் கண்டியா கண்டியான்னு வர்றவன் போறவனை எல்லாம் கேட்டே. இப்ப மட்டும் கோயில் மண்ணு வேணுமாக்கும்?”

“மண்ணுல என்ன ஃபாதர் உள்ள, வெளிய?”

“அப்ப வெளியவே வையேன்.”



அந்த நேரம் பார்த்து, காலையில் பிரசவ அறையில் இருந்த நர்ஸம்மா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் ‘பாதி கன்னியாஸ்திரி’ என்று பெயர். ஜெபம் சொல்லாமல் ஊசியைக்கூடத் தொடமாட்டாள். அதனாலேயே அவளைக் கண்டால் மெக்கானிக்குக்கு ஆகாது.

“ஃபாதர், பிள்ளைக்கு நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துட்டேன். ஆபத்துக்கு யார் வேணா கொடுக்கலாம்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“யாரைக் கேட்டு ஊத்துனீங்க?” மெக்கானிக் பாய்ந்தான். “என் பிள்ளை சாகுற நேரத்துலகூட ஆள் பிடிக்கிற வேலையா?”

“நீ சும்மா இரு.” ஃபாதர் அவளையே பார்த்தார். “ஊத்தும்போது உயிர் இருந்துச்சா? பைபிள் மேல கை வச்சுச் சொல்லு.”

வைத்தாள்.

“இருந்துச்சு ஃபாதர். ரெண்டு மூச்சு விட்டுச்சு.”

ஃபாதர் அனுமதிச் சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் மெக்கானிக்கின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அக்கா... கண்ணைத் திறந்துச்சா? அழுதுச்சா? அவகிட்டப் போய்ச் சொல்லணும்.”

நர்ஸம்மா சீட்டை அவன் சட்டைப்பையில் செருகினாள்.

“வயித்துக்குள்ளயே போயிடுச்சு தம்பி. மூச்சே விடலை. நான் தண்ணியும் ஊத்தலை.”

அவள் பைபிள் மேல் வைத்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நரகம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு அடிச்சுப் பேசுவீங்களாமே தம்பி? நீங்க சொல்றது நெசமா இருக்கணும்னு இன்னைக்கு நான் வேண்டிக்கப் போறேன்.”