கழுவிய அச்சு

கழுவியிருக்கக் கூடாது.

அச்சு கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் அழுக்கு என்று நினைத்துவிட்டேன். பாத்திரம் விளக்கும் நாரால் தேய்தேய் என்று தேய்த்தேன். வெயிலில் காயவைத்தேன். காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். உருக்கிய ஈயத்தை ஊற்றினேன்.

கீல் இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது.

டப்பென்று ஒரு சத்தம்.

ஈயம் முற்றமெங்கும் தெறித்தது. சட்டையில் ஓட்டைகள். சட்டைக்குள் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை.

தெறித்தது போக மீதி, அச்சுக்குள் ஒட்டிக்கொண்டது. திருப்புளியால் நெம்பினேன். கீல் உடைந்தது. அதற்கும் வேறு யாரும் உதவவில்லை.

என் மனைவி மெட்டில்டா ஓடிவந்து முதலில் என் கண்களைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. பிறகுதான் அச்சைப் பார்த்தாள்.

"அழுக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அது கரியாம். ஈயம் ஒட்டாமல் கழன்று விழ, விளக்குப் புகையில் காட்டிக் காட்டிச் சேர்த்த கரி. வருஷக்கணக்கில் சேர்ந்ததை ஒரு காலைப் பொழுதில் பளபளப்பாக்கியிருந்தேன்.

அச்சு அவள் தம்பி டெல்வினுடையது. வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயக் குண்டுகளை அதில்தான் வார்ப்பான். உடைந்த இரண்டு பாதியையும் கையில் வாங்கிப் பார்த்தான். சேர்த்து வைத்துப் பார்த்தான். சேரவில்லை.

"பரவால்ல அத்தான்."

அவ்வளவுதான்.

வேறு எவனாவது செய்திருந்தால் கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும். நான் அக்காவின் புருஷன். வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையை யாரும் திட்டுவதில்லை. மாப்பிள்ளைக்கு மீனில் நடுத்துண்டு உண்டு.

பதில் மட்டும் கிடையாது.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தூத்துக்குடிக்கு, இவள் வீட்டுக்கே வந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து டெல்வினிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். உன் வள்ளத்தில் என்னையும் கடலுக்குக் கூட்டிப் போவாயா?

"பாப்போம் அத்தான்."

இவளைக் கேட்டால், "தம்பிட்ட கேளுங்க."

தம்பி பார்த்துக்கொண்டே இருக்கிறான். வள்ளம் போகிறது, வருகிறது. நான் நடுத்துண்டு தின்கிறேன். முள்ளே இல்லாத துண்டு. ஆனாலும் தொண்டையில் சிக்குகிறது.

*

வலைக் கடை அண்ணாச்சி இரண்டு அச்சுகளை மேஜைமேல் வைத்தார்.

ஒன்று புதியது. அலுமினியம். முகம் பார்க்கலாம். பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மற்றது பழையது. இரும்பு. தொட்டால் விரலில் கரி. யாரோ வள்ளத்தை விற்றபோது அதோடு சேர்ந்து வந்ததாம்.

"எது நல்லது அண்ணாச்சி?"

"புதுசு புதுசுதான் சார். அதுக்காகப் பழசைக் குறை சொல்லீர முடியாது."

"அப்ப எதை எடுக்க?"

"சாருக்கு மனசுல எது படுதோ."

சாரின் மனசு, அச்சுக்குத் தலைமுழுக்கு நடத்திய மனசு. அதைக் கேட்டு யாரும் எதையும் வாங்கக் கூடாது.

புதியதைத் திறந்து மூடினேன். சிக்கென்று மூடியது. ஆனால் புகை காட்டிப் பழக்க வேண்டும், முதலில் வருகிற குண்டெல்லாம் சுருங்கித்தான் வரும், திரும்பத் திரும்ப உருக்கி ஊற்ற வேண்டும் என்றார். பழையதைத் திறந்து மூடினேன். இரண்டு பாதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பிசிறு வரும், ஆனால் இன்றைக்கே ஊற்றலாம் என்றார்.

எதை எடுத்தாலும் தப்பாக இருக்கும். அதை மட்டும் யாரும் கேட்காமலே எனக்குச் சொல்லத் தெரியும்.

டெல்வின் வெளியே பைக்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெல்வின், புதுசா பழசா?"

"ஒங்க இஷ்டம் அத்தான்."

மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குள் ஏதோ டப்பென்றது.

கைக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அச்சை விடு. வள்ளத்துல எனக்கு எடம் உண்டா, இல்லியா? மாப்பிள்ளைக்குச் சொல்லுத பதிலைச் சொல்லாத."

டெல்வின் போனைச் சட்டைப்பையில் போட்டான். என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்ல."

தெருவில் ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

"ஒங்களுக்கு நீந்தத் தெரியாது. அங்க நான் வலையைப் பாப்பேனா, ஒங்களைப் பாப்பேனா? நீங்க கடல்ல கெடந்தா அக்கா கரையில நின்னுக்கிட்டே இருக்கும். அது என்னால ஆகாது."

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு ஜோக் அடிப்பேன். வரவில்லை.

இரண்டு கையும் கனத்தன.

என் கையிலிருந்த பழைய அச்சை வாங்கினான். கடைக்குள் போய் மேஜைமேல் வைத்தான். திரும்பி வந்து பைக்கை உதைத்தான்.

"புதுசை எடுங்க. பழசு எவன் கைக்கோ பழகினது. இனி நம்ம வலைக்கு ஈயம் நீங்கதான ஊத்தப் போறீய."