மீடியம் சைஸ்

நான் காலர் வைத்த டி-ஷர்ட். சைஸ் மீடியம், திமிர் மட்டும் டபுள் எக்ஸ்எல். கடைக் கண்ணாடி முன்னால் தணிகாசலம் என்னைப் போட்டபோது தோள் தையல் சரியாகத் தோளில் உட்கார்ந்தது. வயிறுகூடத் தட்டையாகத் தெரிந்தது. எல்லாம் என் அழகுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மறுபடி போட்டார். கடையில் அடக்கிய மூச்சை இந்தத் தடவை அடக்கவில்லை. நான் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டேன்.

"சுருங்கிப்போச்சு!" என்றார்.

"இன்னும் ஒரு தடவைகூடத் துவைக்கலையே" என்றார் மனைவி.

கொடியில் கிடந்த லுங்கி சிரித்தது. "எனக்கெல்லாம் சைஸே கிடையாது தம்பி. அதான் இந்த வீட்டுல இத்தனை வருஷமா இருக்கேன்."

இப்போது நான் அவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை. அளவு கச்சிதம். எனக்குள் அடங்காத மனுஷர் தினமும் என் மேல் உட்காருகிறார், மூச்சை அடக்காமல்.