உறைக்குள் இருந்தது

குட்டாயிசி நகரப் போட்டி. சியாலா ராணியின் சிப்பாயை நகர்த்தித் தொடங்கிய சதுரங்க ஆட்டம் அன்று முடியவில்லை. மறுநாள் ஆடப்போகும் நகர்த்தலை எதிரே ஆடிய குராம் ரகசியமாகத் தாளில் எழுதி உறையிலிட வேண்டும். அதில் பிழை இருந்தால் தோல்வி. அவன் உறையை ஒட்டி நடுவரிடம் கொடுத்தான்.

காலையில் உறையைத் திறக்கும் முன்பே, "டிரா வச்சுக்கலாமா?" என்று கேட்டான். சியாலா சம்மதித்தாள். அடுத்த வருடம் கல்யாணத்துக்கும்.

நாற்பத்தாறு வருடங்களாக, விருந்தில் ஒயின் கிண்ணத்தைத் தூக்கும்போதெல்லாம் குராமுக்கு அதே பேச்சு.

"ஜெயிக்கிற ஆட்டம். பாவம்னு இவளுக்கு விட்டுக்கொடுத்தேன்."

"அளக்காதே. அந்த உறையைப் பார்த்தாத்தான் நம்புவேன்" என்பாள் சியாலா.

காலமான நடுவரின் பெட்டியில் கிடந்ததென்று அவர் மகள் இன்று அந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"வேணாம் சியாலா. பழசு, அப்படியே இருக்கட்டும்." குராம் உறையை வாங்கக் கை நீட்டினார்.

அவள் பிரித்தாள். யாருக்கும் தெரியாதபடி தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு படித்தாள்.

"குதிரை எஃப் அஞ்சு. அடப்பாவி, நெஜமாவே நான் தோத்திருப்பேன்."

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

குராம் மட்டும் தட்டவில்லை. அன்று எதிரில் இருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, எதுவும் எழுதாத தாளைத்தான் அவர் உறையில் வைத்து ஒட்டியிருந்தார்.