திடீர் எடை மாற்றம்

திரை சிவந்தது.

டாக்டர் டீ டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அழகுமீனா. ஏழாம் மாதம். போன வாரத்தைவிட மூன்று கிலோ கூடுதல். திடீர் எடை மாற்றம், உடனே கவனிக்கவும் என்றது கம்ப்யூட்டர்.

கர்ப்பிணிகள் தங்கள் வீட்டிலேயே எடை மெஷினில் ஏறி நின்றால் போதும். எண் தானாக இந்த ஆஸ்பத்திரி அறைக்கு வந்துவிடும். யாருக்கு ஆபத்து வரப்போகிறது என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லும். இதுதான் டாக்டரான அவளுடைய ஆராய்ச்சி. சொன்னதெல்லாம் பலித்தால் அவளுக்குப் பேர்.

இது மட்டும் பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தான் கட்டிய கணக்குக்கு எதிராகத் தானே வேண்டிக்கொள்வது ஒரு டாக்டருக்கு அழகல்ல. இருந்தாலும் வேண்டிக்கொண்டாள்.

அழகுமீனாவுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இரண்டு முறையும் இப்படித்தான். உடம்பில் நீர் கோத்து, திடீரென்று எடை கூடி, பிரஷர் ஏறி.

போன் போட்டாள். உடனே கிளம்பி வரச் சொன்னாள்.

வந்தார்கள். ஒரு வேன் நிறைய.

முதலில் மல்லிகை வாசம் வந்தது. அப்புறம் வளையல் சத்தம். அதற்கும் அப்புறம்தான் அழகுமீனா வந்தாள். அரக்குப் பட்டு. ஒட்டியாணம். தலை கொள்ளாத பூ. கன்னத்தில் சந்தனம். பின்னாலேயே மாமியார், புளியோதரைத் தூக்குவாளியோடு.

பாதி வளைகாப்பில் எழுந்து வந்திருக்கிறார்கள்.

டாக்டருக்கு லேசாகப் புரிந்தது. சிரிக்கத்தான் பயமாக இருந்தது.

"மிஷின்ல எப்ப ஏறுனீங்க?"

"காலையில டாக்டர். அலங்காரம் முடிஞ்சு, சபைக்கு வர்றதுக்கு முன்னாடி. நல்ல நாளும் அதுவுமா, உங்களுக்கும் ஒரு தடவ காட்டிருவோமேன்னு பட்டுச்சேலையோட ஏறிட்டேன்."

மறைப்புக்குப் பின்னால் பட்டு போனது. ஒட்டியாணம் போனது. பூ போனது. வளையலில் நர்ஸ் கை வைத்ததும் மாமியார் குறுக்கே வந்துவிட்டார்.

"வளையல மட்டும் தொடாதீக தாயி. பிள்ளை பெறக்குற மட்டும் அது கையில கெடக்கணும்."

சரி, கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரி அங்கியோடு ஏறி நின்றாள். முந்நூறு கிராம்தான் கூடுதல். அதை வளையலும் குழந்தையும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். பிரஷரும் சொன்ன சொல் கேட்டது.

வயிற்றில் கருவியை வைத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. வராந்தாவில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். அதட்டி அடக்கப் போன நர்ஸ், கையில் புளியோதரையோடு திரும்பி வந்தாள்.

டாக்டரும் சாப்பிட்டாள். ஆராய்ச்சி இவ்வளவு ருசியாகத் தோற்றதில்லை.

அங்கிருந்தே அழகுமீனா தாய் வீட்டுக்குப் போனாள். மலைமேல், ஏலத்தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு. பழத்தட்டுகளோடு எடை மெஷினும் வேனில் ஏறியது.

அடுத்த வாரம் திரை பச்சை.

அதற்கடுத்த வாரமும் பச்சை. எட்டாம் மாதம் பச்சை. ஒன்பதாம் மாதமும் பச்சையாகத்தான் தொடங்கியது.

பிறகு எண் வரவில்லை.

போனும் போகவில்லை. மலையில் டவர் கிடைத்திருக்காது என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இத்தனை வாரம் மட்டும் எப்படிக் கிடைத்தது என்று மனசு திருப்பிக் கேட்டது. குறித்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பார்த்தாள். எண் இல்லாமல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. அவளாலும் முடியவில்லை. திரையில் மற்ற கர்ப்பிணிகளின் கட்டங்களைத் திறந்து திறந்து மூடினாள். சோறு இறங்கவில்லை.

இன்று காலை திரை சிவந்தது.

அழகுமீனா. திடீர் எடை மாற்றம். ஆறு கிலோ குறைவு.

உயிரோடு இருக்கிறாள். எழுந்து நிற்கிறாள். அதுவரைக்கும் நிம்மதி.

வயிற்றில் குழந்தை இல்லை என்பதும் அந்த எண்ணில் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போன இரண்டு முறையும் அவள் எடை இப்படித்தான் இறங்கியிருக்கும்.

டாக்டர் போனை எடுத்து அழகுமீனாவின் நம்பரைத் தேடினாள்.

திரை இன்னொரு முறை சிவந்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் பதறிப்போய் மணியும் அடித்தது.

அழகுமீனா. திடீர் எடை மாற்றம். ஐம்பத்தைந்து கிலோ குறைவு. இப்போதைய எடை, இரண்டு கிலோ எண்ணூறு.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள்.

இரண்டு எண்ணூறு, இரண்டு எழுநூறு ஆனது. சட்டென்று மூன்றுக்குத் தாவியது. மறுபடி எண்ணூறு. மறுபடி மூன்று. எண் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை.

தயவுசெய்து அசையாமல் நிற்கவும் என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டது.