தேர் மார்க் மூக்குப்பொடி

"அந்தப் பயலைக் கோர்ட்டுப் படி ஏத்தாம விடமாட்டேன் வக்கீலய்யா!"

ராஜதுரை இரண்டு தகர டப்பாக்களை மேசைமேல் வைத்தார். இரண்டிலும் மூக்குப்பொடி. இரண்டிலும் தேர் படம்.

"இது நம்மது. தேர் மார்க். நாப்பத்திநாலுல பம்பாய் மார்க் ஆபீசுக்கு எழுதிப் போட்டு ரிஜிஸ்தர் பண்ணினது. அது, எதுத்த வரிசையில போன வருசம் கடை போட்டானே உச்சிமாகாளி, அவனுது. தேருக்கு முன்னால ரெண்டு குதிரையைக் கட்டிட்டா வேற மார்க் ஆயிருமா?"

வக்கீல் நல்லகண்ணு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு என்ன சொல்லுதாரு?"

"தேரு நம்மூரு கோமதியம்மனுக்குச் சொந்தம், உங்க வீட்டுச் சொத்தான்னு கேக்கான்! சிவகிரி, ராயகிரி ஆளுக எம்பொடின்னு நினைச்சு அவன் பொடியை வாங்கிட்டுப் போறாக. இருபது வருசமா நான் சம்பாதிச்ச பேருய்யா அது."

வக்கீல் டப்பாக்களைக் கீழே வைத்தார்.

"சட்டம் உம்ம பக்கந்தான் வே. சனம் ஏமாறும்படியா ஒரே மாதிரி மார்க் போட்டாத் தப்புதான். சர்ட்டிபிகேட்டைக் கொடும்."

ராஜதுரை பெருமையாக எடுத்து நீட்டினார். அதைப் படித்த வக்கீலின் முகம் சுருங்கியது.

"இது ஏழு வருசத்துக்குத்தான் வே. போன மாசத்தோட கெடு முடிஞ்சுபோச்சே! புதுப்பிச்சீரா?"

"புதுப்பிக்கணுமா?"

"நோட்டீசு வந்திருக்குமே?"

"ஒரு கடுதாசியும் வரலையே ஐயா!"

"அப்போ கேசை விடும். மார்க்கே செத்துப்போயிருந்தா எதை வச்சு வழக்காட? இன்னுங் கொஞ்ச நாள் போனா உச்சிமாகாளியே அதை எழுதி வாங்கிக்கிட வழியிருக்கு. வாயைத் தொறக்காதேயும். பம்பாய்க்கு எழுதிக் கேப்போம்."

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. எதிர்வரிசையில் உச்சிமாகாளி சாவகாசமாகப் பொடி மடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க ராஜதுரைக்கு ஆத்திரம் பொங்கியது.

"எல்லாம் தெரிஞ்சுதான் சும்மா இருக்கான். பூனை மாதிரி இருந்து புலி மாதிரி பாயுத பய!" என்று வீட்டில் புலம்பித் தீர்த்தார்.

ஒரு வழியாகக் கடிதம் வந்தது. வக்கீல் வாசித்தார்.

"கெடுவுக்குள்ளயே புதுப்பிச்சாச்சு வே! சங்கரன்கோவில்ல இருந்து மணியார்டர் போயிருக்கு. அனுப்பினது..." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "உச்சிமாகாளி."

ராஜதுரை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"என்ன வே செஞ்சு வச்சிருக்கீரு?"

உச்சிமாகாளி எழுந்து நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. தபால்காரர் ஊருக்குப் புதுசு. தேர் மார்க் கம்பெனின்னு இங்கிலீசுல போட்டிருந்த கடுதாசியை இங்கன கொடுத்துட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன். படியில கால வச்சா முறிச்சிருவேன்னு சத்தம் போட்டீங்க. கெடுவுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. கடுதாசியைப் படிச்சுச் சொன்ன போஸ்டு மாஸ்டர்தான் மணியார்டரும் எழுதிக் கொடுத்தாரு."

"நீரு சும்மா இருந்திருந்தா மார்க்கு உம்ம கைக்கு வந்திருக்குமே வே!"

"வந்திருக்கும்."

அன்று காலை அச்சாபீசிலிருந்து வந்திருந்த கட்டைப் பிரித்து, ஒரு லேபிளை எடுத்து நீட்டினான். அதில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

"உங்க கடுதாசியே வழி தப்பி எங்கிட்ட வந்தப்பதான் அண்ணாச்சி, சனம் ஏமாறுதுன்னு அன்னைக்குச் சண்டையில நீங்க சொன்னது நிசந்தான்னு எனக்கு ஒறைச்சுது."