மூன்றாவது வரிசை

அவள் சின்னக் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

இரண்டு முறை அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன். மூன்றாகவும் இருக்கலாம். எனக்கு அப்போது பத்து வயது. நான் பார்த்தது எது, பிறகு மனம் சேர்த்துக்கொண்டது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

வெயில் மட்டும் நிச்சயம்.

நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில், பழைய கார் விற்கும் இடம். தகரக் கூரையின் கீழ் வண்டிகள் நெருக்கி நின்றன. அப்பா, நான், தம்பிகள் இருவர். அவள் துறையூரிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தாள்.

வரும் வியாழக்கிழமை அவளுக்கும் அப்பாவுக்கும் பதிவுத் திருமணம்.

எங்களைப் பெற்றவள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கும் கணவன் இல்லை. ஆறு வயதில் சுகந்தி, நான்கு வயதில் பூவரசன் என்று இரண்டு பிள்ளைகள். அன்று அவர்களை அழைத்து வரவில்லை.

இரண்டாம் கல்யாணம் என்றால் ஆணின் பிள்ளைகள் அவனோடு இருப்பார்கள். பெண்ணின் பிள்ளைகள் அவள் பிறந்த வீட்டில் இருப்பார்கள். எங்கள் பக்கம் இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை.

அதனால்தான், எத்தனை பேருக்கு வண்டி என்று புரோக்கர் செங்கோட்டுவேல் கேட்டதும் அப்பா யோசிக்கவே இல்லை.

"அஞ்சு பேருங்க."

"அப்படின்னா இதையே தைரியமா எடுங்க. டாக்டர் ஓட்டுன வண்டி."

"அந்த சிவப்பு வண்டியும் டாக்டருதுன்னீங்க?"

"நம்மூர்ல டாக்டருங்க ஜாஸ்திங்க."

அப்பா சிரித்தார். தம்பிகள் அதற்குள் வண்டியில் ஏறி ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு பேரு," என்றாள் அவள்.

செங்கோட்டுவேல் அப்பாவைப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க லீவுக்கு வர்றப்பதானேங்க? மடியில வெச்சுக்கலாம்."

 ரோட்டில் ஒரு லாரி போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள்.

"விருந்துக்கு வர்ற பிள்ளைங்களத்தாங்க மடியில வெச்சுக்குவாங்க. எம் பிள்ளைங்களுக்கு சீட்டு வேணும்."

பிறகு, அதே குரலில்:

"யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு மூணு மணிக்குத்தான் பஸ்ஸு."

போய் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.



டீ வந்தது. குடித்தாள். டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அப்பாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்பா சின்னக் காரைச் சுற்றி வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். ஏற்கெனவே பார்த்த இன்ஜினைத் திறந்து மறுபடி பார்த்தார்.

அவள் பஸ் ஏறிப் போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

இதில் எனக்கு ஞாபகப் பிசகு எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பா கடைசியில் நின்ற பெரிய வண்டியிடம் போனார். சாம்பல் நிறம். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று. பின்னால் இருந்த மூன்றாவது வரிசையை மடக்கிப் போட்டிருந்தார்கள்.

"அது நிமிராதுங்க," என்றார் செங்கோட்டுவேல். "மூட்டை ஏத்துறதுக்குன்னு மடக்குனது. அப்படியே புடிச்சுக்கிச்சு."

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு காலை பம்பரில் ஊன்றி இழுத்தார். அசையவில்லை. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியது. மறுபடி இழுத்தார்.

அவள் எழுந்து வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கை ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது. உள்ளிருந்து வெங்காயச் சருகு பறந்தது.

அப்பா ஏறி அதில் உட்கார்ந்தார். உயரமான மனிதர். தலை கூரையில் இடித்தது. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. அப்படியே இருந்தார். இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"என்னங்க, மாட்டிக்கிட்டீங்களா?" என்று செங்கோட்டுவேல் கேட்டார்.

 அப்பா அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"பூவரசனுக்குக் கால் எட்டுமா?"

அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை.

அவள் எழுந்தாள்.

"எட்டாது. தொங்கும்," என்றாள். "ரெண்டு வருஷத்துல எட்டிரும்."

வியாழக்கிழமை ஏழு பேரும் அந்த வண்டியில்தான் பதிவு அலுவலகம் போனோம். பதினோரு வருடம் ஓடியது. பிறகு விற்றோம்.

அப்பா போன ஆடியில் இறந்தார். பெரிய தம்பி ஓசூரில் இருக்கிறான். அடுத்தவன் மஸ்கட்டில். தங்கை சுகந்தி திருச்சியில் நர்ஸ். கடைசித் தம்பி பூவரசன் சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான்.

அம்மா என்னோடு இருக்கிறாள்.